கோளாறுக்கு வருந்துகிறோம்

திரையில் அந்த அட்டை வந்ததும் கிளிஃபர்ட் மடியிலிருந்த சூடான சிப்ஸ் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்தான்.

"போச்சு. நல்ல இடம் பாத்துப் போச்சு."

"ஒண்ணும் போகலை," என்றாள் ஹிலரி. "உக்காரு. கதையே இதுதான்."

"கோளாறுன்னு அவனே எழுதிப் போட்டிருக்கான். நீ என்ன சொல்ற?"

"எழுதிப் போட்டதே நான்தான்!"

கிளிஃபர்ட் அதைக் காதில் வாங்கவில்லை. தொலைக்காட்சிப் பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் ரெண்டு தட்டு தட்டினான். அவன் மனைவி, ஹிலரியின் அக்கா டோரத்தி, அதற்குள் அடுக்களையில் டீ போடக் கெட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த அட்டை ராச்டேல் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த அட்டை. ஓட்டு வீடு ஒன்று, மூடிய பச்சைக் கதவு, மாடி ஜன்னலில் திரைச்சீலை மாட்டும் ஒரு பெண்ணின் முதுகு. அடியில் 'கோளாறுக்கு வருந்துகிறோம்' என்று ஒரு வரி, பின்னால் மெல்லிய யாழிசை. படம் அறுந்துபோகும் போதெல்லாம் வருஷக்கணக்காக அந்தப் பக்கத்துத் தொலைக்காட்சி நிலையம் இதைத்தான் காட்டி வந்தது. ஹிலரி ஆர்மராட் தன் முதல் தொலைக்காட்சிக் கதையை இதன் மேல்தான் கட்டியிருந்தாள். மேட்டு நிலத்து ஒளிபரப்புக் கோபுரத்தில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் காணாமல் போகிறார்கள். அவர்களைக் கொண்டுபோனது படம் நிற்கும்போது மட்டும் உள்ளே வரக் கற்றுக்கொண்ட ஏதோ ஒன்று. அது தெரிந்த கணத்தில் படம் நிற்கிறது. அட்டை வருகிறது. பார்ப்பவர் கண்ணுக்குப் பிடிபடாத அளவு மெதுவாகப் பச்சைக் கதவு திறக்கிறது. கடைசியில் ஜன்னலில் இருப்பவள் திரும்பி, வீட்டில் உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கிறாள். ஓவியர் ஒருவர் அதற்காக அட்டை அட்டையாக வரைந்து தள்ளியிருந்தார்.

முன்கூட்டியே நிலையத்தில் போட்டுக் காட்டியபோது கணக்குப் பிரிவு அம்மாள் வீறிட்டே விட்டாள். ஆனால் அங்கே டீ ஏற்கெனவே மேஜைக்கு வந்திருந்தது. அந்த அட்டை வந்தால் இந்த நாட்டில் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்று அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஹிலரிக்கும்தான்.

"டோரத்தி, இங்க வா! கதவைப் பாரு!"

"எந்தக் கதவுடி? பின்கதவைச் சாத்திட்டேனே."

ஹிலரி அடுக்களைக்கு ஓடினாள். ஜன்னலுக்கு வெளியே, கொல்லைச் சுவர்களுக்கு அப்பால், வரிசை வீடுகளின் அடுக்களை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிவதைப் பார்த்தாள். தெரு முழுக்கக் கெட்டில் ஏறிக்கொண்டிருந்தது. முன்வாசலில் கிளிஃபர்டின் குரல் கேட்டது.

"உங்க வீட்லயும் போச்சா?"

"போச்சுப்பா! ஆன்டெனாவைத் திருப்பிப் பாத்தாச்சு, அசையலை!"

"சும்மா இருக்கும்போது போகாது, சனியன்!"

எல்லோரும் கோப்பையோடு திரும்பியபோது பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. எழுதியது ஹிலரி ஆர்மராட் என்ற வரி வந்தது. டோரத்தி கை தட்டினாள்.

"நல்லா இருந்துச்சுடி. பாதியைத் தின்னுட்டானுங்க, பாவிங்க. திரும்பப் போடுவாங்கல்ல?"

ஹிலரி மாடிக்குப் போனாள். அந்த மாடியறையில்தான் அவள் குடியிருந்தாள். அங்கே மேஜை மேல் அவளுடைய இரண்டாவது கதை தட்டச்சாகி முடிந்து கிடந்தது. முதல் கதையைப் பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் இரண்டாவதைப் படமாக்குவதா, வேண்டாமா என்று முடிவாகும்.

திங்கட்கிழமை தயாரிப்பாளர் டெஸ்மண்ட் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"சனிக்கிழமை ஃபோன் அடிச்சு ஓயலை, ஹிலரி."

"திட்டினாங்களா?"

"திட்டியிருந்தா தேவலையே. பயமா இருந்துச்சு, பிடிக்கலை, புள்ளைங்க அழுதுச்சு, இப்படி ஏதாவது ஒண்ணு சொன்னாங்களா? எல்லாரும் ஒரே கேள்வி. விட்டுப்போன பாகத்தை எப்ப போடுவீங்க? ஓல்டாம்ல இருந்து ஒருத்தர் ரொம்ப மரியாதையா, அந்தக் கோளாறுல இங்க ஆள் யாருக்கும் அடிகிடி படலையேன்னு விசாரிச்சார்."

"அப்படியே திரும்பப் போடுங்க. இது கோளாறு இல்லை, எழுந்து போகாதீங்கன்னு முன்னாடியே அறிவிச்சிடுங்க."

"சொல்லிட்டா அப்புறம் எதுக்குப் பயப்படுவாங்க?"

சொன்னால் கதை செத்துவிடும், சொல்லாவிட்டால் டீ. இரண்டு நாளாக அவளும் அதே இடத்தில்தான் முட்டிக்கொண்டிருந்தாள்.

"மேல இருக்கறவங்க ஒரு வழி சொல்றாங்க," என்றார் டெஸ்மண்ட். "நிஜமாவே கோளாறுதான்னு சொல்லிடலாம். செய்தியில வருத்தம் தெரிவிச்சாச்சுன்னா முடிஞ்சுது. அட்டை வர்ற பாகத்தை வெட்டிட்டு வர்ற சனிக்கிழமை மறுபடி போடறோம். ஜனங்களுக்குப் பிடிச்சுப்போனா வசந்தத்துல உங்க ரெண்டாவது கதை. இல்லை, இது என் கலைன்னு நீங்க பிடிவாதம் பிடிச்சா, ரெண்டாவது கதையை நான் எடுத்துப் பேச முடியாது."

"அந்தப் பாகத்தை வெட்டினா அதுல என்ன இருக்கு?"

"கோபுரம் இருக்கு. ரெண்டு பேர் காணாமப் போறாங்க. போதுமே."

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சரி என்றாள்.

அன்று மாலை அவள் தெருவுக்குள் நுழைந்தபோது பக்கத்து வீட்டு எட்னா என்ட்விசில் வாசலில் காலிப் பால் புட்டிகளை வைத்துக்கொண்டிருந்தாள். கூரைக்கு ஓடு போடப் போன அவள் கணவர் ஆர்னால்ட் ஏணியிலிருந்து விழுந்து, காலில் கட்டோடு முன்னறையில் கிடந்தார்.

"உள்ள வந்து அந்த மனுஷன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ, கண்ணு," என்றாள் எட்னா. "சனிக்கிழமையிலிருந்து தூங்க மாட்டேங்கறாரு. பெட்டி மேல போர்வை போடச் சொல்றாரு."

ஹிலரி உள்ளே விரைந்தாள். அட்டை வந்தபோது எழுந்து போக முடியாத ஒரே ஆள்.

ஆர்னால்ட் அவளைப் பார்த்ததும் முழங்கையை ஊன்றி நிமிர்ந்தார். "நீ அங்க வேலை பாக்கறவ. நீ சொல்லு. அந்த அட்டையில கதவு திறந்துச்சா இல்லையா?"

"திறந்துச்சு, மிஸ்டர் என்ட்விசில்."

"ஜன்னல்ல அந்தப் பொம்பளை?"

"திரும்பினா. இடது தோள் வழியா. உங்களைப் பாத்தா."

ஆர்னால்டின் முகம் தெளிந்தது. "கேட்டியா எட்னா? கேட்டியா?"

எட்னா இடுப்பில் கை வைத்தாள். "இடது தோள்னு நீங்கதான் நேத்துப் பாக்க வந்த கறிக்கடைக்காரன் வரைக்கும் சொல்லியாச்சே. இவ காதுலயும் விழுந்திருக்கும்."

"அதை எழுதினதே நான்தான், மிஸஸ் என்ட்விசில். அது கோளாறு இல்லை."

"நல்ல மனசும்மா உனக்கு," என்று எட்னா அவள் கையைப் பிடித்துத் தட்டிக் கொடுத்தாள். குரலைத் தாழ்த்தி, "மத்தியானச் செய்தியிலேயே சொல்லிட்டாங்க, கண்ணு. கோளாறாம். வருத்தம் தெரிவிச்சாங்க. செய்தியில போய்ப் பொய் சொல்லுவாங்களா? வலி மாத்திரையைப் பாதியாக் குறைக்கச் சொல்லியிருக்காரு டாக்டர்," என்றாள்.

ஹிலரி ஆர்னால்டைப் பார்த்தாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார். அவளுடைய வேலையை முழுசாகப் பார்த்தது இந்த ஊரிலேயே ஒரே ஒரு மனிதர். அந்த மனிதரைப் பைத்தியமாக்கும் பேச்சுக்குத்தான் அவள் காலையில் சரி என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

ஆனால் ஆர்னால்ட் சும்மா இருக்கிற ஆள் இல்லை. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். மாத்திரைதான் பேசுகிறது என்று சிரித்தவர்களும், வீட்டுக்குப் போய்த் தங்கள் பெட்டியைக் கொஞ்சம் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். வாரம் முடிவதற்குள் கதை தெருவைத் தாண்டி, அவர்கள் வேலை செய்கிற ஆலைக்குள் போய், அங்கிருந்து பஸ் ஏறிவிட்டது.

சனிக்கிழமை மறுபடி போட்டார்கள். ஹிலரி கீழே வந்து உட்காரவே விரும்பவில்லை. டோரத்திதான் இழுத்து வந்தாள். கோபுரம் வந்தது, ஆராய்ச்சியாளர்கள் வந்தார்கள், முதல் ஆள் காணாமல் போனார். இரண்டாமவர் படியேறிக்கொண்டிருக்கும்போது படம் சட்டென்று அறுந்தது. அட்டை வந்தது. யாழிசை வந்தது.

ஹிலரி நிமிர்ந்தாள். இது அவள் கதையில் இல்லாத இடம். அவளுடைய அட்டைகளைத்தான் வெட்டி எறிந்துவிட்டார்களே. கூர்ந்து பார்த்தாள். கதவு மூடியே இருந்தது. இது நிலையத்தின் பழைய அட்டைதான்.

"நிஜமாவே போயிடுச்சு," என்றாள்.

"உஷ்," என்றான் கிளிஃபர்ட். அவன் நாற்காலியின் நுனியில் இருந்தான். சிப்ஸ் மடியில் ஆறிக்கொண்டிருந்தது.

"கிளிஃபர்ட், இது கோளாறு."

"போன தடவை கோளாறு இல்லைன்ன, நாங்க கேக்கலை. இந்தத் தடவை எங்களை ஏமாத்தப் பாக்கறியா? வாயை மூடிட்டு உக்காரு."

"நகருதுங்க," என்றாள் டோரத்தி மூச்சை அடக்கிக்கொண்டு. "கதவு... நகரலை?"

ஹிலரி எழுந்து அடுக்களைக்குப் போய் விளக்கைப் போட்டாள். கெட்டிலை நிரப்பினாள். ஜன்னலுக்கு வெளியே வரிசை நெடுக ஒரு அடுக்களையிலும் வெளிச்சம் இல்லை. அத்தனை பேரும் இருட்டு முன்னறைகளில், ஒன்றுமே நடக்காத ஓர் ஓட்டு வீட்டை வெறித்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் கொதித்து அடங்கியும் யாழ் நிற்கவில்லை. பிறகு ஒருவழியாகப் படம் வந்து, அவள் கதையின் மிச்சமும் முடிந்தது.

கூடத்தில் ஃபோன் அடித்தது. டெஸ்மண்ட்.

"ஹிலரி! இங்க லைனே கிடைக்க மாட்டேங்குது. ஸ்டாக்போர்ட்ல ஒரு அம்மா பெட்டியைத் தெருவுல கொண்டுவந்து வெச்சுட்டாளாம். பத்து வருஷத்துல இப்படி யாரும் பயந்ததில்லை. மேல இருக்கறவங்க குதிக்கறாங்க. வசந்தம்னு சொன்னேனே, அதெல்லாம் இல்லை, ரெண்டாவது கதையை உடனே ஆரம்பிக்கச் சொல்லிட்டாங்க. அதுலயும் அட்டை வேணுமாம்."

"அது நான் பண்ணினது இல்லை."

"தெரியும். நம்ம மேட்டுக் கோபுரத்துல நிஜமாவே ஏதோ கம்பி போயிடுச்சு. அதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"போன வாரம் என் வேலையைக் கோளாறுன்னு சொல்லச் சொன்னீங்க."

"ஆமா."

"இந்த வாரம் கோளாறை என் வேலைன்னு சொல்லணும்."

"புரிஞ்சுதே, அவ்வளவுதான்," என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு டெஸ்மண்ட் ஃபோனை வைத்துவிட்டார்.

அவள் அடுக்களைக்குத் திரும்பியபோது பின்கதவைத் தட்டிக்கொண்டு எட்னா நின்றாள். சால்வையைக் கூடப் போடவில்லை. முகம் வெளுத்திருந்தது.

"கண்ணு, என் வீட்டுக்காரர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வரேன். அந்த மனுஷன் சொன்னது அத்தனையும் நிஜம். இன்னிக்கு நானே என் கண்ணால பாத்தேன். அவ திரும்பினா."

ஹிலரி கெட்டிலைக் கையில் எடுத்தாள். பக்கத்து வீட்டு முன்னறையில் ஆர்னால்ட் யாரிடமோ உரக்கச் சிரித்துப் பேசுவது கேட்டது. ஒரு வாரமாகக் கேட்காத சிரிப்பு.

"எந்தத் தோள் வழியா?" என்றாள்.

"வலது," என்றாள் எட்னா, கொஞ்சமும் யோசிக்காமல்.

ஹிலரி இன்னொரு கோப்பையை எடுத்து வைத்தாள். "சர்க்கரை எத்தனை?"