மூச்சு ஈரம்

"கைய எடும்மா," என்றார் அவர்.

கொழுந்தியாள் கையை எடுக்கவில்லை. கூடாரத்தின் வளைந்த கம்பியை ஒரு முனையில் பிடித்துக்கொண்டு, அதை எப்படிக் கழற்றுவது என்று தெரியாமல் மூக்கை உறிஞ்சியபடி நின்றாள். நாற்காலிகளையெல்லாம் சுவரோரம் தள்ளிவிட்டு, நடுக்கூடத்தில் இடுப்பளவு உயரத்துக்குப் பச்சை நிறத்தில் நின்றுகொண்டிருந்தது அந்தக் கூடாரம். விடிகிற நேரத்தில் அதற்குள்தான் அவருடைய மனைவி இறந்துபோயிருந்தாள். சற்று முன்புதான் மாப்பிள்ளையும் பக்கத்து வீட்டுக்காரரும் அவளை மெதுவாக வெளியே எடுத்து, சன்னலோரக் கட்டிலில் கிடத்தியிருந்தார்கள்.

"நாலு பேர் வர்ற நேரம், அத்தான். வீட்டுக்குள்ள கூடாரம் போட்டு வச்சிருந்தா பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"நினைச்சுட்டுப் போறாங்க. அது அப்படியே இருக்கட்டும்."

அவர் மண்டியிட்டு, கூடார வாசலின் ஜிப்பை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை இழுத்து மூடினார். கொழுந்தியாள் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். அக்கா போன துக்கத்தில் அத்தானுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அவள் சமையலறையில் யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது.

பிசகவெல்லாம் இல்லை. வாசலைத் திறந்து வைத்தால் காற்று போகும். காற்று போனால் துணி காய்ந்துவிடும். துணியின் உள்பக்கம், அவள் முகத்துக்கு நேர் மேலே, ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் பொடிப்பொடியாக ஈரம் பூத்திருந்தது. ராத்திரி முழுக்க அவள் விட்ட மூச்சு அது. அவள் மூச்சு மட்டும்தான். அவர் வெளியே படுத்து, ஒரு கையை மட்டும் உள்ளே நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த ஈரம் இன்னும் கொஞ்ச நேரமாவது இருக்க வேண்டும் என்பதுதான் அவருக்கு இப்போது உலகத்தில் உள்ள ஒரே ஆசை. இதைப் போய் யாரிடம் சொல்வது? ஆயிரம் பேச்சு பேசுகிற மனுஷனுக்கு இந்த ஒரு பேச்சு மட்டும் வாயில் வரவில்லை.

பேச்சென்றால் அப்படியொரு பேச்சு. பட்டாளத்துக்கும் மலையேறுகிறவர்களுக்கும் கூடாரம் செய்து கொடுக்கிற கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் இருந்தார். முதுகில் சுமக்கிற சாமான் என்பதால் அங்கே எல்லோருக்கும் கிராம் பைத்தியம். பத்து கிராம் குறைத்தவனை ஊரையே ஜெயித்தவன் மாதிரி கொண்டாடுவார்கள். துணி மெலிய மெலிய இவருக்கு வேலை கூடும், ஏனென்றால் இவர் இருந்தது மழைக்கொட்டகையில். தகரக் கூரைக்கு அடியில் துளைபோட்ட குழாய்கள் ஒரு மணி நேரம் விடாமல் ஊற்றும். கீழே புதுக் கூடாரம். அதற்குள் இரண்டு பேர் சாக்பீஸோடு உட்கார்ந்து, எங்கெல்லாம் ஒழுகுகிறதோ அங்கெல்லாம் வட்டம் போட வேண்டும். இவர் போடாத வட்டம் இல்லை. தையல்காரிகளெல்லாம் இவரைக் கண்டாலே கரித்துக்கொட்டுவார்கள். 'சொட்டு' என்று பெயரும் வைத்திருந்தார்கள்.

அந்தத் தையல்காரிகளில் ஒருத்தியைத்தான் ஒருநாள் இவருக்குத் துணையாக உள்ளே அனுப்பினார்கள். உட்கார்ந்த கால்மணி நேரத்தில் இவர் மூன்று வட்டம் போட்டுவிட்டார். அவள் மூன்றையும் முழங்கையால் அழித்தாள்.

"இது மழை இல்லீங்க, மூச்சு."

"அதெப்படிச் சொல்றே?"

"மழைன்னா தையல் வழியா வரும். இது உங்க வாய்க்கு நேரா இருக்கு. உள்ளே வந்ததுலேர்ந்து பேசிட்டேதானே இருக்கீங்க. பத்து நிமிஷம் சும்மா இருங்க, பாப்போம்."

பத்து நிமிஷம் அவர் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டார். பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை என்று பிற்பாடு அவர் அம்மாவே சொன்னாள். மேலே குழாய் கொட்டிக்கொண்டுதான் இருந்தது. துடைத்த இடம் காய்ந்தது காய்ந்தபடியே இருந்தது. பேசக் கூடாது என்றால் வேறென்ன செய்வது, அவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு மாதத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. அதற்கப்புறம் இருபது வருஷம் இரண்டு பேரும் சேர்ந்தே மழைக்கொட்டகையில் உட்கார்ந்தார்கள். வீட்டில் போட வேண்டிய சண்டையையும் அங்கேயே போட்டு முடித்துவிட்டு, சிரித்துக்கொண்டே வெளியே வருவார்கள். ஒருநாள் சண்டை முற்றி, கூடாரத்தைப் பார்க்கவே மறந்து, நல்ல மழை ஒழுகி இருவர் தலையும் நனைந்த கதையைக் கம்பெனியில் வெகுநாள் சொல்லிச் சிரித்தார்கள்.

எட்டு நாளைக்கு முன்பு, மருத்துவமனையிலிருந்து இனி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்ட பிறகு, அவள்தான் கேட்டாள். "இந்தக் கூடம் ரொம்பப் பெருசா இருக்குங்க. படுத்தா கூரை எங்கேயோ இருக்கு. நம்ம கூடாரத்தைப் போடுங்களேன்."

கடைசியாக இருவரும் சேர்ந்து சோதித்த இரண்டு பேர் கூடாரம் அது. ஒன்றேகால் கிலோ. ஆணியே வேண்டாம், இரண்டு கம்பியைக் குறுக்கே வளைத்தால் தரையிலும் நிற்கும். அவர் நாலு நிமிஷத்தில் போட்டுவிட்டார். பார்க்க வந்த டாக்டர் முட்டி போட்டுத்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. சின்ன வயதில் பட்டாளத்தில் சேர ஆசைப்பட்டேன், இன்றைக்கு நிறைவேறிவிட்டது என்று டாக்டர் உள்ளேயிருந்து சொன்னார். அவள் இருமல் வருகிற அளவுக்குச் சிரித்தாள்.

தினமும் காலையில் அவள் விரலால் மேலே காட்டுவாள்.

"மழையா, மூச்சா?" என்பார் அவர்.

"மூச்சுதான். இன்னும் இருக்கேன்."

அவர் துணியால் துடைத்துவிடுவார், அது தொழில் பழக்கம். முதல் நாள் ஈரம் சாப்பாட்டுத் தட்டு அகலம் இருந்தது. நாலாம் நாள் சின்னத் தட்டு. டாக்டர் நாடி பிடித்துச் சொன்னதையெல்லாம் அவர் காதில் வாங்கவே இல்லை. அளவு அவருக்கே தெரிந்துகொண்டிருந்தது. இன்றைக்கு மட்டும்தான் துடைக்கவில்லை.

பத்தரை மணிக்கு வண்டி வந்தது. மகள் பிறந்து நாற்பது நாளே ஆன குழந்தையோடு உள்ளறையில் இருந்தாள். அவள் வீட்டிலேயே இருப்பதென்று ஏற்பாடு. அவர் தெருவில் இறங்கியபின் ஒருமுறை திரும்பி வந்து, ஜிப் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார். மகளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

எல்லாம் முடிந்து திரும்புகையில் மணி இரண்டரை. கம்பெனி ஆட்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். யாரோ பழைய பழக்கத்தில் அவரைச் 'சொட்டு' என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். அவர் எல்லோரிடமும் நன்றாகத்தான் பேசினார். ஆனால் மனசெல்லாம் கூடத்தில் இருந்தது.

கூடத்தில் நாற்காலிகள் பழைய இடத்தில் இருந்தன. தரை கழுவித் துடைத்திருந்தது. கூடாரம் இல்லை.

அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்பக்கம் போனார். உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி, கொடியில் நாலு கிளிப் போட்டு, வெயிலில் விரித்துத் தொங்கவிட்டிருந்தாள் மகள். பக்கத்தில் உட்கார்ந்து கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருந்தவள் எழுந்தாள்.

"உள்ளே ஈரமா இருந்துச்சுப்பா. மூடி வச்சா பூஞ்சை பிடிச்சிரும்னு நீங்க கிளம்பினதுமே எடுத்துக் காயப் போட்டேன். இந்தக் கவலையும் உங்களுக்கு எதுக்குன்னு..." அழுதாள்.

அவளை என்ன சொல்ல முடியும்? பன்னிரண்டு வயதில் பள்ளிச் சுற்றுலாவிலிருந்து ஈரக் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு வந்து, ஒரு வாரம் பையிலேயே விட்டதற்காக அவளை அழ அழத் திட்டியவர் இவர்தான். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அன்றிலிருந்து ஈரத் துணியைக் கண்டால் அவளுக்குக் கை நிற்காது. இப்படி வளர்த்துவிட்டு இப்போது யாரைக் கோபித்துக்கொள்வது?

அவர் துணியைத் தடவிக்கொண்டே போனார். உச்சித் தையலிலிருந்து நாலு விரல் தள்ளி, வலது பக்கம். இடம் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். அங்கே உள்ளங்கையை வைத்தார். துணி வெயில் சூட்டோடு, காகிதம்போல மொடமொடவென்று இருந்தது. உரக்கக் கத்திவிட்டால் தேவலை போலிருந்தது.

"நல்லா செஞ்சேம்மா," என்றார்.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு கிளிப்பைக் கழற்றினாள். "மடிச்சு வச்சிரலாமாப்பா?"

"இன்னும் ஈரம் இருக்கு."

மகள் துணியைத் தொட்டாள். திருப்பிப் பின்பக்கமும் தொட்டுப் பார்த்தாள். அந்த வீட்டுப் பெண்ணின் விரலுக்கு ஈரம் தெரியாமல் இருக்குமா? அவர் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். உள்ளே குழந்தை அழத் தொடங்கியது. அவள் நகரவில்லை.

"ஆமாப்பா," என்றாள். "இருக்கு."

கழற்றிய கிளிப்பை எடுத்து மறுபடியும் கொடியில் மாட்டினாள்.