பச்சைக் கரை

அணைந்துபோன ஊதுவத்திகளை அமிர்தம் மாற்றிக்கொண்டிருந்தபோது, உப்பிலியபுரத்துத் தாய்மாமனுக்குச் சாவுச் சேதி சொல்லப் போயிருந்த ஆள் திரும்பி வந்து பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வீரமலை வரமாட்டாராம். 'துலுக்கச்சி வீட்ல சோறு தின்னப்பவே எந்தங்கச்சி செத்துட்டா, ரெண்டு தடவ கோடி போட முடியாது'ன்னுட்டாருங்க."

பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை வந்து போர்த்தாமல் பெண் பிணத்தைத் தூக்குவதில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

அமிர்தம் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் அம்மா அவள் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள்: "மாமன எதிர்பாக்காத. எனக்குப் பொறந்த வீடு சங்கம்தான். அவங்க கொண்டாற்றதக் கட்டி அனுப்பு." அமிர்தம் தலையாட்டியிருந்தாள். வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்ல முடியாமலேயே எட்டாவதோடு நின்றுவிட்டவள் அவள்.

அவள் கைக்குழந்தையாக இருந்தபோது, புருஷனை இழந்த அம்மா மயிலம்மாள் அண்ணன் பேச்சை மீறி டீச்சர் டிரெய்னிங்கில் சேர்ந்தாள். அங்கே பாடம் நடத்த அமெரிக்காவிலிருந்து ஒரு கறுப்பின அம்மையார் வந்திருந்தார். தங்கள் நாட்டில், காலேஜில் சேர்த்துக்கொண்டும் விடுதியில் இடம் கொடுக்காத காலத்தில், கறுப்புப் பெண்கள் சிலர் கூடி ஒருவருக்கொருவர் சகோதரி என்று சத்தியம் செய்துகொண்ட கதையை அவர் சொல்வார். படித்து முடித்தும் அவர்கள் பிரியவில்லை. டாக்டர் எட்டிப் பார்க்காத பருத்திக்காட்டு ஊர்களுக்குக் காரில் மருந்து கொண்டுபோனார்கள். ஒரு சகோதரி இறந்தால் மற்றவர்கள் சுற்றி நின்று கைகோத்து வழியனுப்பினார்கள். அதைக் கேட்டுத்தான் மயிலம்மாளும் கூடப் படித்த ஆபிதாவும் இன்னும் சிலரும் சங்கம் வைத்தார்கள். ஞாயிறுதோறும் மண்ணச்சநல்லூருக்குப் போய், ரைஸ் மில்லில் நெல் அவிக்கும் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளைகளின் சிரங்குக்கு மருந்து போட்டார்கள். வெள்ளையில் பச்சைக் கரை போட்ட புடவைதான் அவர்களுக்கு அடையாளம்.

அந்தப் புடவையோடுதான் இப்போது பந்தலுக்குள் வந்தார்கள். ஆபிதா தாம்பாளத்தில் புதிதாக ஒன்று வைத்திருந்தாள். அதை அமிர்தத்தின் பெரியப்பாவிடம் நீட்டினாள்.

"நாங்கதாண்ணே அவளுக்குப் பொறந்த வீடு. கோடி கொண்டாந்திருக்கோம்."

"சங்கத்துல அண்ணந்தம்பியையும் சேத்திருந்தா இன்னும் வசதியாப் போயிருக்கும்," என்றாள் ராசாத்தி அத்தை. யாரோ சிரித்து அடக்கினார்கள்.

பெரியப்பா அழகிரி துண்டால் முகத்தைத் துடைத்தார். "நீங்க நல்லவங்கதான் தாயி. யாரு இல்லேன்னாங்க? ஆனா நாளைக்கி எம் பொண்ணுகளக் கேட்டு நாலு பேரு வாசப்படி ஏறணுமில்ல?"

ஆபிதா திரும்பினாள். "அமிர்தம், அம்மா உங்கிட்ட ஏதாச்சும் சொன்னாளாடி?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அமிர்தத்தின் வாய் திறந்து மூடியது. ஊதுவத்திச் சாம்பலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆபிதா புடவையை அவள் மடியில் வைத்தாள். "செத்தவங்களுக்குன்னு எடுத்ததத் திரும்பத் தூக்கிட்டுப் போகக் கூடாதும்மா." அவர்கள் தெருவின் எதிர்ச்சாரிக்குப் போய் நின்றுகொண்டார்கள்.

பெரியப்பா கடைக்கு ஆளனுப்பி ஒரு வெள்ளைக் கோடி வாங்கிவரச் செய்தார். "உப்பிலியபுரத்துக் கோடி வந்துடுச்சு. குளிப்பாட்டுங்க," என்று பந்தல் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். உப்பிலியபுரம் போய் வந்தவன் தரையைப் பார்த்தான்.

கொல்லையில் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுற்றிலும் புடவைகளை மறைப்பாகப் பிடித்தார்கள். உள்ளே அமிர்தமும் ராசாத்தி அத்தையும் மட்டும். தண்ணீர் ஊற்றி, துடைத்து முடித்ததும், அமிர்தம் இடுப்பில் சுருட்டிச் செருகியிருந்த பச்சைக் கரைப் புடவையை எடுத்து உதறினாள். அத்தை பார்த்தாள்.

அத்தை குனிந்து, அம்மாவின் இடுப்பைத் தூக்கிக் கொடுத்தாள்.

"சீக்கிரம் சுத்துடி. கொசுவத்த நல்லாச் சொருவு."

மேலே கடையில் வாங்கிய கோடியைப் போர்த்தினார்கள்.

கொள்ளிடக்கரைச் சுடுகாட்டுக்குப் பாடை கிளம்பியது. பெண்களுக்கு வாசலோடு சரி. சாலையில் காற்று அடித்துக் கோடியின் ஓரம் விலகியது. அம்மாவின் காலருகே விரலகலத்துக்குப் பச்சை தெரிந்தது. பெரியப்பா அதைப் பார்த்தார். திரும்பி, வாசலில் நின்ற அமிர்தத்தைப் பார்த்தார். பிறகு கையை நீட்டிக் கரையை உள்ளே தள்ளினார்.

"நிக்காதீங்கப்பா, நடங்க."

எதிர்ச்சாரியில் சங்கத்துப் பெண்கள் வரிசையாகக் கைகோத்து நின்றிருந்தார்கள். வரிசையின் கடைசியில் ஆபிதா. அவளுடைய இன்னொரு கை, பிடிக்க ஆளில்லாமல், கொஞ்சம் நீண்டபடியே இருந்தது.