மிஸஸ் ஹென்ஸ்லி வீட்டுப் புல்

பனி கொட்டும் கேஸ்பர் நகரத்தில் புல்தரை வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு சாபம் உண்டு. அக்டோபரில் செய்த தப்பு ஏப்ரலில்தான் தெரியும். நடுவில் எல்லார் வீட்டுப் புல்லும் வைக்கோல் நிறத்தில் கிடக்கும். எது உறங்குகிறது, எது செத்துப்போனது என்று படைத்தவனைத் தவிர யாருக்கும் தெரியாது. அந்த வேலை பார்க்கும் டார்லா அந்தக் குளிர்காலம் முழுக்க நிம்மதியில்லாமல் திரிந்ததற்கு அதுதான் காரணம்.

மருந்தடிக்க முதுகில் மாட்டும் டேங்க் இரண்டு வைத்திருந்தாள். ஒன்றில் களையை மட்டும் கொல்லும் மருந்து. சிவப்பு டேப் ஒட்டிய மற்றதில் எதையும் விட்டுவைக்காத மருந்து. அது சரளைக்கல் பாதைக்கு மட்டும். அக்டோபரில் தம்பி ராய்ஸை வாடிக்கைக்காரி மிஸஸ் ஹென்ஸ்லி வீட்டுக்குக் களை மருந்தடிக்க அனுப்பினாள். சாயங்காலம் ஷெட்டுக்குள் போய்ப் பார்த்தால் சிவப்பு டேப் டேங்க் ஈரமாக இருந்தது. உள்ளே ஒரு சொட்டு மருந்து இல்லை. மறுநாளே பனி கொட்டி எல்லாவற்றையும் மூடிவிட்டது.

கேட்டிருக்கலாம்தான். வாய் வரவில்லை. ராய்ஸ் குடியை விட்டுவிட்டு அந்த வசந்தத்தில்தான் அவள் வீட்டுக் கீழ்த்தளத்தில் வந்து தங்கியிருந்தான். முந்தைய தடவை அவன் குடியை விட்டிருந்தபோது, "குடிச்சியா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். குடிக்காமல் இருந்தவன், அந்தக் கோபத்தில் போய்க் குடித்தான். அப்புறம் ஒரு வருஷம் அவன் இருக்கிறானா இல்லையா என்றே தெரியவில்லை. நிதானத்தில் இருக்கிறவன் டேங்கை மாற்றி எடுக்க மாட்டான். ஆகவே மிஸஸ் ஹென்ஸ்லியின் புல் செத்திருந்தால் தம்பி மறுபடி குடிக்கிறான் என்று அர்த்தம். வாடிக்கை போனால் வேறு வீடு பிடித்துக்கொள்ளலாம். வேறு தம்பிக்கு அவள் எங்கே போவாள்?

ஜனவரியில் திடீரென்று வெதுவெதுப்பான காற்று அடித்து, வெயில் படும் இடங்களிலெல்லாம் பனி கரைந்தது. அப்படி ஒரு நாள் வாய்த்தால் மரங்களுக்குத் தண்ணீர் விட்டாக வேண்டும். இந்த ஊர்க் காற்று குளிரிலும் வேரைக் காயவைத்துவிடும். டார்லா ராய்ஸிடம் சொல்லாமல், ஹோஸைத் தூக்கிக்கொண்டு மிஸஸ் ஹென்ஸ்லி வீட்டுக்குப் போனாள். வேலியோர மரத்துக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, உளியும் சுத்தியலுமாகப் புல்தரையில் மண்டியிட்டாள். மண் கல்லாக இறுகியிருந்தது. உள்ளங்கை அகலத் துண்டு ஒன்றைப் பெயர்ப்பதற்குள் கதவு திறந்துவிட்டது.

"ஏம்மா டார்லா, தண்ணி விட வந்தியா, இல்ல என் தரையைத் திருடிட்டுப் போக வந்தியா?"

மிஸஸ் ஹென்ஸ்லிக்கு எழுபது தாண்டிவிட்டது. கண்ணாடி இல்லாமலே அடுத்த தெரு நாயை அடையாளம் சொல்லுவாள்.

"புழு விழுந்திருக்கான்னு பாக்கணும்" என்று டார்லா மென்று முழுங்கினாள்.

"இந்தக் குளிர்லயா? என்னமோ பண்ணு. உன் தம்பி வரலையா? தங்கமான பையன். அன்னிக்கு மருந்தடிக்கும்போது என்னா பாட்டு, என்னா பாட்டு! ஜன்னலைத் திறந்து வச்சுக் கேட்டேன்."

ராய்ஸ் பாடி டார்லா கேட்டதெல்லாம் போதையில்தான். துண்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வண்டிக்குத் திரும்பினாள்.

அதை ஒரு தயிர் டப்பாவில் வைத்துத் தன் படுக்கையறை ஜன்னலில் வெயிலுக்கு வைத்தாள். ஒப்பிட்டுப் பார்க்கத் தன் வீட்டுத் தரையிலிருந்தும் ஒரு துண்டைப் பெயர்த்து இன்னொரு டப்பாவில் பக்கத்தில் வைத்தாள். கதகதப்பும் தண்ணீரும் கிடைத்தால் உறங்குகிற புல் மாதம் பார்க்காமல் விழித்துக்கொள்ளும். செத்தது விழிக்காது.

அவள் வீட்டுப் புல் விழித்துக்கொண்டது. மிஸஸ் ஹென்ஸ்லியின் புல் வைக்கோலாகவே இருந்தது. காலையில் காபி போடுவதற்கு முன் பார்த்தாள், ராத்திரி பல் தேய்த்துவிட்டுப் பார்த்தாள், விரலால் கிளறிக்கூடப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. ராய்ஸ் குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்துக்குப் போயிருந்த நேரத்தில் அவன் கோட்டுப் பைகளைத் துழாவினாள். ஒரு புதினா மிட்டாய் கிடைத்தது. வாசனையை மறைக்கத்தானே புதினா? இப்படியெல்லாம் தேடுகிற தன் கைகளைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அப்படியும் அடுத்த பையைத் துழாவினாள்.

சாப்பாட்டு மேஜையில் அவன் இனிப்பு ரொட்டியைக் காரமான பீன்ஸ் குழம்பில் தோய்த்தபடி சிரித்தான்.

"என்ன, என்னையே பாக்கற? மூஞ்சில குழம்பு ஒட்டியிருக்கா?"

"அழகா இருக்கியேன்னு பாத்தேன்டா."

"அது எனக்கே தெரியும். வேற ஏதாவது சொல்லு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வைக்கோலுக்கு நடுவில் மயிரிழை போலப் பச்சை தெரிந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். இன்னொன்று. பிறகு பத்திருக்கும். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாள். அந்த அழுகையில் கதவைத் தட்டியது காதில் விழவில்லை.

"ஹீட்டர் கடகடங்குதுன்னு சொன்னியே..." என்று உள்ளே வந்த ராய்ஸ், அவள் மடியைப் பார்த்தான். ஜன்னலில் இருந்த டப்பாவையும் பார்த்தான். அவனும் புல்தரை வேலைக்காரன்தான். எதற்கு இரண்டு துண்டு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஜன்னல்ல இருக்கறது நம்ம வீட்டுது. இது யாரு வீட்டுது?" குனிந்து இலையைத் தடவினான். "இவ்வளவு மெல்லிசா மிஸஸ் ஹென்ஸ்லி வீட்லதான் இருக்கு. இந்த ஜாதி மெதுவாத்தான் முழிக்கும்."

"சிவப்பு டேங்க் ஈரமா இருந்துச்சுடா..."

"கழுவினேன். வருஷா வருஷம் மருந்தோட விட்டுட்டு, குளிர்ல டேங்க் உறைஞ்சு வெடிச்சுப்போச்சுன்னு பொலம்புவியே. மிச்சத்தை நம்ம சரளைப் பாதையில அடிச்சுத் தீத்துட்டு அலசி வச்சேன்."

"பாடினியாமே."

"பாட்டு வந்துச்சு, பாடினேன்."

அவன் கத்தியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவன் கத்தவில்லை. "குழியை அப்படியேவா விட்டுட்டு வந்த? சுத்தியிருக்கற வேரெல்லாம் காஞ்சிருக்கும். மூடிட்டு வரேன்" என்று மட்டும் சொன்னான். ஒரு மூட்டை மண்ணை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான்.

பத்து நிமிஷத் தூரம். வழியில் மதுக்கடைகள் இருக்கின்றன. மத்தியானம் ஆயிற்று, வண்டி வரவில்லை. போன தடவை ஒரு வார்த்தைக்கு ஒரு வருஷம் போனான். இந்தத் தடவை கேட்காமலே வேவு பார்த்திருக்கிறாளே, இதற்கு எவ்வளவு காலம் போவான்? போனை எடுத்தாள், வைத்தாள். அவனைக் கூப்பிட்டால் அதுவும் வேவுதான். மிஸஸ் ஹென்ஸ்லியின் எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் துண்டித்தாள். இதோ, நானே துரத்திவிட்டேன் என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டாள்.

வெயில் சாயும் நேரத்துக்கு வண்டிச் சத்தம் கேட்டது. ராய்ஸ் வீட்டுப் பின்கதவைத் திறந்துகொண்டு வந்தான். பூட்ஸெல்லாம் சேறு.

"அந்தம்மா விடல. காபி குடுத்து, பரண்ல இருக்கற பெட்டியெல்லாம் இறக்கச் சொல்லிட்டாங்க."

"நான் ஒண்ணும் கேக்கலையேடா."

"நீ எங்க கேப்ப."

தொப்பியைக் கழற்றினான். அவள் முகத்துக்கு அருகில் வந்து, வாயைத் திறந்து, நீளமாக ஊதினான்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான் சரியாக இருந்திருக்கும். அது அவளுக்குப் பிற்பாடுதான் தோன்றியது. அந்த நேரத்தில் அவள் மூச்சை இழுத்து மோந்து பார்த்தாள். காபி வாசனை. வேறு எதுவும் இல்லை. அவள் மோந்து பார்த்ததை அவனும் பார்த்துக்கொண்டுதான் நின்றான்.

"நாளைக்கும் ஊதணுமா, டார்லா?"

வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஒரு கணம் பிடித்தது. அதற்குள் அவன் கீழ்த்தளத்துப் படிகளில் இறங்க ஆரம்பித்திருந்தான்.