பம்ப் இல்லாத மாயநகரம்

நிலக்கரிச் சுரங்க ஊழியர் குடியிருப்பில், எங்கள் பிளாக்கில் வாசகர் வட்டம் என்று ஒன்று இருக்கிறது. புத்தகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அலசுவோம். நான் அதற்குச் செயலாளர்.

2014 ஜூனில் இனியன் தன் முதல் நாவலோடு வந்தான். அவனுக்குச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டில் கான்ட்ராக்ட் வேலை. ஒன்பது ஆண்டாகியும் பெர்மனென்ட் ஆகவில்லை. வட்டம் சரி என்று சொன்னால், அடுத்த மாதப் புத்தகக் கண்காட்சியில் எங்கள் மேசையில் அந்த நாவலை வைப்போம். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான். எங்களுக்குப் படிக்கப் பிரதிகள் கொடுத்துப் பத்து நாள் கழித்து நடந்த கூட்டத்தில், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான்.

நாவல் மாயக்கதை. நிலக்கரிக்கு அடியில் ஒரு நகரம். அங்கே எல்லா வேலையையும் நிழல்கள் செய்கின்றன. அவை யாருடைய நிழல்கள் என்பதுதான் மர்மம்.

சிங்காரவேல் சார் முதலில் பேசினார். சுரங்கத்தின் பம்ப் பிரிவில் முப்பத்திரண்டு ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவர். சிவப்பு மை தீரும் மட்டும் நாவலில் கோடு போட்டிருந்தார்.

“நல்லா எழுதியிருக்கீங்க தம்பி. ஆனா நிலக்கரிக்கு அடியில தண்ணி எவ்வளவு அழுத்தத்துல நிக்குது தெரியுமா? ராத்திரி பகலா பம்ப் ஓடலைன்னா உங்க நகரம் முழுகிப் போயிடும்.”

“சார், அது மந்திர நகரம்ங்க.”

“மந்திரம் இருக்கட்டும். பம்ப் எங்க?”

வட்டத்தின் இன்னொரு உறுப்பினர் மைக்கேலுக்கு வேறு சந்தேகம். அந்த நகரத்தின் ஏழாவது கதவு எந்த ஷிஃப்டில் திறக்கும் என்று கேட்டார். நிழல்களைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பம்ப் இல்லை என்று தெரிந்ததுமே நானும் புத்தகத்தை மூடிவிட்டேன். இந்த ஊரில் வளர்ந்தவனுக்கு அதற்கு மேல் கதை ஓடாது.

ஒரு பம்ப் சேர்த்தால் மேசையில் வைக்கலாம் என்று ஏகமனதாக முடிவானது. இனியனின் முகம் சுண்டிப்போனது. ஆனாலும், அச்சான நூறு பிரதிகளிலும் கையாலேயே ஒரு வரி சேர்த்துவிடுவதாகச் சொல்லிப் பேனாவை எடுத்தான். பார்க்கவே பாவமாக இருந்தது.

டீ கொண்டுவந்த பொற்கொடி தட்டோடு நின்றார். வட்டம் கூடும் ஹாலைக் கூட்டிப் பெருக்கப் பக்கத்துக் கிராமமான முத்தாண்டிக்குப்பத்திலிருந்து வருகிறவர், அவரும் கான்ட்ராக்ட்தான். ஹால் மேசைமேல் கிடந்த பிரதியைப் பத்து நாளாகச் சாப்பாட்டு நேரத்தில் அவர் படித்துவந்தது எங்களுக்குத் தெரியாது.

“வேணாம் தம்பி, எழுதாதீங்க,” என்றார். “முழுசும் படிச்சிட்டேன். அதுங்க ஏற்கெனவே கூட்டிக்கினு, சுமந்துக்கினு கெடக்குதுங்க. பம்பு வச்சா அத்த ஓட்டவும் அந்த நெழலுங்களத்தான் அனுப்புவாங்க.”

எனக்குக் காது சூடானது. சிங்காரவேல் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இனியன் பேனாவை மூடினான். “மேசை வேணாங்க சார்,” என்று சொல்லிவிட்டுப் பொற்கொடி பக்கம் திரும்பினான். “கடைசி அத்தியாயம் எப்படிக்கா இருந்துச்சு?”

பொற்கொடி தட்டை மேசைமேல் வைத்தார். இருவரும் வாசல் படியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார்கள். டீ டம்ளர்களை அன்று நாங்களே கழுவினோம்.