செம்மஞ்சள் புள்ளி

மண்டைதீவுப் பக்கம் கவிழ்ந்து கிடந்த படகை இழுத்து வந்து குருநகர்க் கரையில் போட்டிருந்தார்கள். அதில் தொழிலுக்குப் போன எமில்ராஜைக் காணவில்லை. படகில் மிதவையாகக் கட்டியிருந்த செம்மஞ்சள் பிளாஸ்ரிக் கானையும் காணவில்லை. அந்தக் கானைக் கட்டிப்பிடித்தபடி எங்கேயோ மிதக்கிறான் என்று கரை முழுக்க நம்பியது. அவனுடைய தங்கை றஜிதாவுக்குச் சும்மா இருந்து நம்ப வராது. தான் வேலை செய்யும் கலியாண ஸ்ரூடியோவிலிருந்து முதலாளி கஜானனை, அவனுடைய இரண்டு ட்ரோன்களோடும், இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"பட்டதாரி வந்திட்டா. இனிக் கடல் தானா வத்தும்," என்றாள் வலைக்குப் பக்கத்தில் இருந்த ஒருத்தி.

"வத்தாட்டி உங்கடை வாயிலை ஊத்துறன், இருங்கோ," என்றாள் றஜிதா.

வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள் அவள்தான். அந்தப் படிப்பு எமில்ராஜ் கடலில் இறங்கி வாங்கிக் கொடுத்தது.

கஜானன் வின்சன்ற் மாமாவின் படகில் போய் இரண்டையும் பறக்கவிட்டுப் பின்னேரம் திரும்பினான். மீன்வாடிக்குள், ஐஸ் பெட்டிமேல் மடிக்கணினியை வைத்து றஜிதா படங்களைத் திறந்தாள். ஒரே கடல், இரண்டு விதமாக. புதிய சின்ன ட்ரோன் எடுத்த படங்களில் தண்ணீர் கூறைச்சேலை மாதிரி வழுவழுத்தது. அது படத்தைத் தானே துடைத்து, மினுக்கி, முடித்துத்தான் கையில் தரும். துடைக்கிற துடைப்பில் தூரத்துத் தலை ஒன்றையும் அழுக்கென்று துடைத்திருந்தால் யார் கண்டது? பழைய பெரிய ட்ரோன் கமரா கண்டதை ஒன்றும் செய்யாமல் றோ கோப்பாகத் தரும். மங்கலாக, மணல் தூவியது போலப் பொரிபொரியாக. எது நல்லது என்று அவளுக்கும் கஜானனுக்கும் மாதக்கணக்காகச் சண்டை.

"புதுசைப் பார். என்ன கிளியர்."

"உது பொம்பிளைக்குப் பவுடர் பூசுற வேலை அண்ணை. எனக்கு மூஞ்சை வேணும்."

பழையதின் கோப்புகளை மட்டும் எடுத்தாள். மென்பொருள் வழமையாகச் செய்யும் துப்புரவையும் நிறுத்தினாள். ஒரு பொரிகூடத் தொலையக் கூடாது. இருட்டை வெளிச்சமாக்கி, பெரிதாக்கி, கடலை அங்குலம் அங்குலமாகத் தடவினாள். கண் எரிந்தது. பிறகு ஒரு படத்தின் மூலையில், சாம்பல் தண்ணீரில், செம்மஞ்சளாக ஒரு புள்ளி.

"என்ரை அண்ணை! அண்ணையின்ரை கான்!"

படத்தோடு பதிந்திருந்த இடத்தை அவள் சொன்னாள். நீரோட்டத்தை நம்பிக் கிழக்கே பாசையூர்ப் பக்கம் தேடிக்கொண்டிருந்த படகுகளை வின்சன்ற் மாமா போனில் கூப்பிட்டு மேற்கே திருப்பினார். தானும் பாய்ந்து ஏறினார். வெளிச்சம் போகுமுன் ஒரு பக்கத்தை மட்டும் தேடத்தான் நேரம் இருந்தது.

அம்மா இராசாத்தி ஓடிவந்து மகளின் கைகளைக் கண்ணில் ஒற்றினாள். "படிப்பிச்சது வீண் போகேல்லையடி." மகனுக்கு மாற்றிக் கட்ட உலர்ந்த சாரம் ஒன்றை எடுத்துக்கொண்டு தண்ணீரை நோக்கிப் போனாள்.

கான் எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று அறிய றஜிதா அடுத்த படத்தைத் திறந்தாள். புள்ளி அதே மூலையில் இருந்தது. அதற்கடுத்ததிலும். ட்ரோன் நகர்ந்திருந்தது, தண்ணீரின் நிறம் மாறியிருந்தது, புள்ளி அசையவில்லை. புறப்படுமுன் கரையில் சோதித்துப் பார்த்த முதல் படத்துக்குப் போனாள். கோயிலின் வெள்ளைக் கோபுரம். அதன்மேல், அதே மூலையில், செம்மஞ்சள்.

கஜானன் குனிந்து பார்த்தான்.

"கமராவிலை பழுதான புள்ளி, பிள்ளை. எல்லாப் படத்திலையும் கிடந்திருக்கு. துப்புரவு போட்டிருந்தா அதுவே அழிச்சிருக்கும்."

"தெரியும்."

"மாமாவுக்கு நான் சொல்லட்டோ?"

"நான்தானே கண்டனான். நானே சொல்லுறன்."

முதல் மணியிலேயே வின்சன்ற் மாமா எடுத்தார். இயந்திர இரைச்சலுக்கு மேலால் கத்தினார்.

"சொல்லடி பிள்ளை! இன்னும் எவ்வளவு தூரம்?"

வாடி வாசலுக்கு நேரே, முழங்கால் தண்ணீரில், சாரம் நனையாமல் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, அம்மா மேற்கே பார்த்துக்கொண்டு நின்றாள்.