ஐந்து மணிக்கு விட்டார்கள்

1

இந்தக் கதை எனக்கு இலவசமாக வந்த ஒரு பனியனிலிருந்து தொடங்கியது. சொல்ல வெட்கம் ஒன்றும் இல்லை. இலவசமாக வந்ததை வைத்துத்தான் நான் பாதிக் கதைகளை எழுதியிருக்கிறேன்.

தொண்ணூற்றைந்தில் கோவையில் ஒரு பெரிய ஓட்டலில் மாநாடு. தொழிலாளருக்கு நியாயமான வேலை நிலைமை வேண்டும் என்று வெளிநாட்டு நிறுவனங்கள் மூன்றும் டெல்லி நிறுவனம் ஒன்றும் கைகோத்து நடத்தின. அறிக்கையைத் தமிழில் எழுதித்தர என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பனியன். நெஞ்சில் நான்கு நிறுவனங்களின் சின்னங்கள். கீழே 'நியாயமான வேலை, அளவான நேரம்' என்ற வாசகம்.

அறிக்கையை முடித்துக் கொடுத்த பிறகு ஒருநாள் அதைப் போட்டுக்கொண்டு அவிநாசி பஸ் ஸ்டாண்டில் நின்றேன். ஒரு பெண் என் தோளையே பார்த்தாள்.

"இந்தக் கை நான் தெச்சதுங்க," என்றாள். அந்த ஆர்டர் முழுக்கக் கைப்பகுதி தைத்தவள் அவள். பெயர் உம்மல் குல்சும்.

2

முதல் தொடக்கம்: 'மேற்கு மலைமேல் மேகம் இறங்கிய அந்த மாலையில் உம்மல் குல்சும்

விட்டுவிட்டேன். அவள் கம்பெனி ஜன்னலில் மலை தெரியாது. எதிர்க் கம்பெனியின் சுவர்தான் தெரியும்.

இரண்டாவது: 'உம்மல் குல்சும் ஏழைதான், ஆனால்

இந்த 'ஆனால்' எனக்கு எரிச்சலைக் கிளப்புகிறது. இதுவும் வேண்டாம். நடந்ததையே சொல்கிறேன்.

குல்சும் அவிநாசியில் பனியன் கம்பெனி டெய்லர். தாய் இறந்த பிறகு தம்பி பஷீரை வளர்த்தவள் அவள்தான். மாநாட்டுக்கு முந்தின வெள்ளிக்கிழமை அவன் துபாய்க்குப் புறப்பட்டான். இருட்டுகிற நேரத்தில் கோவை உக்கடம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி, கோழிக்கோட்டில் விமானம் பிடிக்க வேண்டும். போனால் மூன்று வருடம் வர முடியாது. ஐந்து மணிக்கு வேலை விட்டால் அவள் உக்கடம் போய் அவன் முகத்தைப் பார்த்துவிடலாம். சூப்பர்வைசர் வேலுமணியிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். அவரும் சரி என்றிருந்தார்.

3

(இங்கே கொஞ்சம் கட்டுரை வரும். பிடிக்காதவர்கள் அடுத்த பகுதிக்குத் தாண்டிப் போகலாம். குல்சுமுக்கு அந்த வசதி இருக்கவில்லை.)

நெஞ்சில் அச்சு விழுந்த பிறகுதான் பனியனைத் தைக்க முடியும். வெட்டிய துணியோ கம்பெனியில் வாரக்கணக்கில் சும்மா கிடந்தது. நான்கு சின்னங்களில் எது முதலில் வருவது என்பதில் நான்கு நிறுவனங்களுக்கும் ஒத்துப்போகவில்லை. பணம் அதிகம் போட்டவர் முதலில் என்றது ஒன்று. வயதில் மூத்தவர் முதலில் என்றது இன்னொன்று. ஃபேக்ஸ் கடல் தாண்டிப் போவதும் வருவதுமாக இருந்தது. கடைசியில் நான்கையும் வட்டமாக வைத்தார்கள். வட்டத்தில் முதல் என்று ஒன்று இல்லையாம். அந்த ஞானம் பிறந்தது வியாழக்கிழமை. மாநாடு சனிக்கிழமை காலை. எங்கேயோ வீணடித்த நாட்கள் எல்லாம் குல்சும் தலையில் வந்து விடிந்தன.*

* தொழிலாளியின் நேரத்தை மதிப்பது பற்றி மாநாட்டில் தனி அமர்வே இருந்தது. அங்கே கொடுத்த காப்பி நன்றாக இருந்தது.

4

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குக் குல்சும் வாசலுக்கு வந்தாள். கேட் பூட்டியிருந்தது. வேலுமணியைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன், பொருந்தவில்லை. கும்பிடாத குறையாகத்தான் சொல்லியிருக்கிறார்.

"ஏனுங்கம்மணி, இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்குங்க. நாளைக்கு மாநாட்டுக்காரங்க நம்ம கம்பெனியப் பாக்க வேற வாராங்க."

எங்கள் பக்கத்தில் கதவைப் பூட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் பூட்டுவார்கள்.

அவள் திரும்பிப் போய் மெஷினில் உட்கார்ந்தாள். உக்கடத்தில் பஷீர், ஒவ்வொரு டவுன் பஸ்ஸும் வந்து நிற்க நிற்க, இறங்குகிற பெண்களையே பார்த்துக்கொண்டிருந்தானாம். அவனை ஏற்றிவிடப் போன மாமா பிறகு சொன்னது.

5

முடிவுகள்.

அ) கோபத்தில் குல்சும் ஒரு பனியனின் கழுத்தைச் சேர்த்துத் தைத்துவிடுகிறாள். மேடையில் ஒரு பெரிய மனிதர் அதை மாட்டி, தலை வெளியே வராமல் தவிக்கிறார். எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் செக்கிங் பெண்கள் அதைப் பிடித்துவிடுவார்கள். பிடிக்காவிட்டால் பழி அவர்கள் மேல் விழும். வேண்டாம்.

ஆ) மறுநாள் கம்பெனிக்கு வந்த வெளிநாட்டு அம்மையாரிடம் அவள் உண்மையைப் போட்டு உடைக்கிறாள். எல்லோரும் திகைத்து

இல்லை. அம்மையார் வந்தது நிஜம். தினமும் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறீர்கள் என்று அவளிடம் கேட்டதும் நிஜம். பக்கத்தில் வேலுமணி நின்றார். ஆர்டர் கைவிட்டுப் போனால் அத்தனை பேருக்கும் வேலை போகும். ஐந்து மணிக்கு என்றாள் குல்சும். அம்மையார் எழுதிக்கொண்டார். அது அறிக்கையில் வந்து, அறிக்கை என் கைக்கு வந்து, தமிழில் இப்படி ஆனது: 'இங்கே தொழிலாளர்களை ஐந்து மணிக்கு விட்டுவிடுகிறார்கள்.'

6

முடிவு அகப்படாமல் குல்சுமிடமே போய், அறிக்கையை எழுதியது நான்தான் என்பதையும் சொல்லிக் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

"அஞ்சு மணிக்கு வுட்டாங்க, உக்கடம் போயித் தம்பியப் பாத்தேன்னு எழுதிப்போடுங்க."

அப்படி நடக்கவில்லையே என்றேன்.

"அவுங்களுக்காக நான் சொன்ன பொய்ய எழுதுனீங்கல்ல. எனக்காக ஒண்ணு எழுத மாட்டீங்களா?"

எழுதினால் அவள் தம்பியைப் பார்த்துவிடுவாள். எழுதினால் அறிக்கையும் உண்மையாகிவிடும். நான்கு நிறுவனங்களுக்கும் என் கதை சாட்சி சொல்லும். பேனாவை உங்களிடமே தருகிறேன். பாதி எழுதி வைத்திருக்கிறேன். பஷீர் இன்னும் பஸ் படியில்தான் நிற்கிறான்.

மணி ஐந்து. கேட்டருகே வந்த உம்மல் குல்சுமை வாட்ச்மேன்