அரை வடை

சுகன்யா தட்டின் மேல் உள்ளங்கையை விரித்து மூடிக்கொண்டாள். கருத்தம்மாளின் கரண்டி, கருவாட்டுக் குழம்பும் சோறுமாக, அந்தக் கைக்கு மேலே அப்படியே நின்றது.

"போதும்க்கா. வயிறு நெறஞ்சிருச்சு."

எதனால் நிறைந்தது என்று கருத்தம்மாளுக்குப் புரியவில்லை. தட்டில் இருந்தது ஒரு கரண்டிச் சோறு. அதைப்போல இரண்டு மடங்கு அவரைக்காய்ப் பொரியல், ஓர் அவித்த முட்டை. விருந்தில் தொட்டுக்கொள்ள வைத்ததைச் சாப்பாடு என்று சொல்லித் தின்கிறாள். பதினோரு வருடமாகப் போடியில் இந்த ஏலக்காய்க் கிடங்கில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்துதான் மதியச் சாப்பாடு. இவள் குழம்பு அவள் சோற்றுக்கு, அவள் பொரியல் இவள் சோற்றுக்கு. யார் தூக்குவாளி யாருடையது என்றுகூடக் கழுவும்போதுதான் பிரிப்பார்கள். அந்தத் தட்டின் மேல் கை வைத்து மறைக்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? என் கைச் சோறு ஆகாமல் போயிற்றா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. கரண்டியைத் தன் தட்டிலேயே கவிழ்த்து, அதையும் சேர்த்துத் தின்றாள்.

கருத்தம்மாள் அந்தக் கிடங்கின் மேஸ்திரி. முப்பது பெண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்து, வெடித்த காய், வெளுத்த காய், பூச்சி கடித்த காய் என்று பிரித்துப் போடுவார்கள். அவர்களை ஏவுவதும், சாயங்காலம் ஐந்து மணிக்கு வாசலில் நின்று ஒவ்வொருத்தி மடியையும் தடவிப் பார்த்து அனுப்புவதும் அவள் சோலி. ஒரு பிடி நல்ல காய் மடியோடு போனாலும் முதலாளிக்கு வயிறு எரியும். எல்லோர் மடியையும் தடவுகிறவள் சுகன்யாவை மட்டும் தோளில் தட்டி, "வெரசா போடி, பொட்டிபுரம் பஸ்சு போயிரும்" என்று அனுப்பிவிடுவாள். அது பதினோரு வருட மரியாதை.

அந்தச் சுகன்யாதான் இப்போது இளைத்துக்கொண்டே போகிறாள். போன ஆயுத பூசையன்று பெண்கள் விளையாட்டாக மூட்டைத் தராசில் ஏறி நின்றபோது கருத்தம்மாள் எண்பத்தெட்டு, சுகன்யா எழுபத்தாறு. ஊரே கேட்கும்படி சிரித்தார்கள். இப்போது அவளுடைய ரவிக்கைக் கை காற்றில் ஆடுகிறது. சேலைக் கொசுவம் இடுப்பில் கத்தையாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. சம்மணம் போட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சுவரைப் பிடித்தவள், கை ஊன்றாமல் எழுந்து போகிறாள்.

கருத்தம்மாளுக்குத் தெரியும், உடம்பு சும்மா இறங்காது. அவள் படாத பாடா? செல்போனில் பார்த்து, பதினைந்து நாளில் பத்து கிலோ என்று கொள்ளுக்கஞ்சியில் கிடந்தாள். பன்னிரண்டாம் நாள் கொழுந்தன் வீட்டுக் காதுகுத்தில் ஒரு துண்டு கறியை வாயில் வைத்தாள். கெட்டது கெட்டாகிவிட்டது, இனி என்ன என்று இன்னொரு முறையும் சோறு வாங்கினாள். அதற்குப் பிறகு டப்பாவில் அடைத்த மாவைப் பாலில் கலக்கி ஒரு மாதம். இறங்கிய மூன்று கிலோ, இன்னும் நாலு கிலோவைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தது. அப்படியிருக்க இவளுக்கு மட்டும் எப்படி? சர்க்கரையா, வேறு ஏதாவது வியாதியா? இல்லை, எவனாவது காரணமா? வியாதிக்காரி முகம் வாடியிருக்கும். இவளோ மினுமினுவென்று இருந்தாள். அதுதான் கருத்தம்மாளைப் போட்டுப் படுத்தியது.

பதினோரு மணிக்குக் கிடங்கில் எல்லோருக்கும் டீயும் ஓர் உளுந்த வடையும் உண்டு. சுகன்யா தன் வடையைச் சரிபாதியாகப் பிட்டு, ஒரு பாதியை நிதானமாகத் தின்பாள். மறுபாதியைக் காகிதத்தில் மடித்து இடுப்பில் செருகிக்கொள்வாள். முதலில் கருத்தம்மாள் அதைச் சட்டை செய்யவில்லை. கவனிக்க ஆரம்பித்த பிறகு அந்தக் கை இடுப்புக்குப் போவதைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

பங்குனி வெயில் தகரக் கூரையில் இறங்கிய ஒரு காலையில் முதலாளி ஜெகதீஷ் அவளைக் கூப்பிட்டான். அப்பா இறந்தபின் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் இளவட்டம்.

"அக்கா, பெரிய ஏலக்காய் மூட்டைல மூணு வாரமா எடை கொறையுது. உங்களுக்குத் தெரியாம எதுவும் வெளிய போவாது. யாரு மடின்னு பாத்துச் சொல்லுங்க. ஆளு தெரிஞ்சா நாளைக்கே அனுப்பிருவேன்."

அனுப்பிவிட்டால் அதோடு முடியாது. மடியில் காய் வைத்தவள் என்று ஒரு பேர் விழுந்தால் போடியில் வேறெந்தக் கிடங்கும் வாசலில் ஏற்றாது. சுகன்யாவின் புருசன் மகாராஜன் போடிமெட்டுக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு ஓட்டுகிறவன். மழைக்காலத்தில் பாதி நாள் வீட்டில்தான். இதெல்லாம் கருத்தம்மாளுக்குத் தெரியும். தெரிந்தும் அன்று முழுக்க அவள் பார்வை ஒரே இடுப்பில்தான் கிடந்தது.

ஐந்து மணிக்கு வரிசை நின்றது. சுகன்யா வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே தோளைக் காட்டினாள். கருத்தம்மாளின் கை தோளுக்குப் போகாமல் இடுப்புக்குப் போனது. கத்தையான கொசுவத்துக்குள் விரலில் ஏதோ பொட்டலம் தட்டுப்பட்டது.

"இப்படி உள்ள வா."

சாக்கு அறைக்குக் கூட்டிப் போனாள். கதவைச் சாத்தியிருக்கலாம். சாத்தவில்லை. வரிசையில் நின்ற அத்தனை கண்ணும் உள்ளே வந்தன.

"கொசுவத்த அவுறு."

"யக்கா..."

"அவுறுன்னு சொல்றேன்ல."

சுகன்யா கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு ஊக்கைக் கழற்றிக் கொசுவத்தை உருவினாள். காய் விழ வேண்டும் என்று அந்த நேரத்தில் அவள் ஆசைப்பட்டாள் என்பதுதான் வெட்கக்கேடு. காய் விழுந்தால் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடும். விழுந்தது எண்ணெய் ஊறிய ஒரு காகிதப் பொட்டலம். அதற்குள் அரை வடை. அதோடு சாக்குத் தைக்கும் சணல் நூலில் இரண்டு முழத்துக்கு மேல் ஒரு துண்டு, அங்கங்கே முடிச்சு போட்டது.

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள்.

"என்னடி இது நூலு?"

"இடுப்பு அளக்குறது." சுகன்யா குனிந்து கொசுவத்தை மடித்தபடியே சொன்னாள். "மாசத்துக்கு ஒரு முடிச்சு. ஏழு முடிச்சு ஆயிருச்சு."

முடிச்சுக்கும் முடிச்சுக்கும் நடுவே பெருவிரல் அகலம்கூட இல்லை. இரண்டு முடிச்சு ஒன்றின் மேல் ஒன்றாகவே கிடந்தன. அந்த மாதம் ஒன்றும் குறையவில்லை போலும். அதற்கும் ஒரு முடிச்சைப் போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

"என்னத்தத் திங்கிற? மாத்திரையா, பொடியா? மறைக்காமச் சொல்லு."

"மறைக்க என்னக்கா இருக்கு. முட்டி வலிக்குதுன்னு ஆஸ்பத்திரிக்குப் போனப்ப நர்சம்மா சொன்னாங்க, எதையும் விட வேணாம், பாதியாக்கு, அவசரப்படாதன்னு. சோத்தையும் விடல, வடையையும் விடல. காய்கறிய மொதல்ல திங்கிறேன். பஸ்டாண்டுல எறங்கி ஆட்டோ ஏறாம நடந்து வர்றேன். ஒரு நா கூடத் தின்னுட்டா தின்னதுதான். அதுக்காக மறுநா பட்டினி கெடக்குறதில்ல, அழுவுறதில்ல. பழையபடி பாதி. மீதி வடை அவருக்கு. பசியோட வருவாரு."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

"எங்கிட்டச் சொன்னா என்னடி?"

"நீங்க மாவு குடிச்சப்ப இவளுக எல்லாம் சிரிச்சாளுக. எனக்குச் சிரிப்பு வரல, பயம் வந்துச்சு. சொன்னா நீங்களும் கூட வருவீங்க, வெரசா எறங்கலன்னு ரெண்டாம் வாரம் விட்டுருவீங்க, அப்பறம் என்னையும் தின்ன வச்சுருவீங்க. அதான் சொல்லல."

அவள் நூலைச் சுருட்டிக்கொண்டாள். வடையைத் தொடவில்லை. அது சாக்கின் மேலேயே கிடந்தது. வெளியே போகும்போது செருப்பு மாட்டுமிடத்தில் கொஞ்சம் தடுமாறினாள்.

வீட்டுக்குப் போன கருத்தம்மாளுக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. வேறு எதையோ ஒளிக்கிறாள் என்று ஒரு மனசு சொன்னது. பாதியாக்கினால் இளைக்குமா? இளைக்குமென்றால் தான் பட்ட பட்டினியெல்லாம் என்ன கணக்கு? அந்தக் கேள்விக்குப் பயந்துதான் தோழி மேல் திருட்டைச் சுமத்தினோமோ என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. நன்றாக அழுதாள்.

மறுநாள் காலை ஜெகதீஷ் மூட்டைகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தகரத்துக்கு அடில கெடந்து காஞ்சிருக்கு அக்கா. காத்தாட எடம் மாத்துனாப் போதும். மடியெல்லாம் பாக்க வேணாம்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனான். ஈரக்காய் காயக் காய எடை இறங்கும் என்பது இருபது வருடமாக அந்தக் காயோடு புழங்கிய கருத்தம்மாளுக்குத் தெரியாததா? நேற்று அது தோன்றவே இல்லை.

சுகன்யா வந்திருந்தாள். எப்போதும் உட்காரும் இடத்தில் இல்லை, கோடியில் சுவர் ஓரமாக உட்கார்ந்து காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பதினோரு மணிக்கு டீ வந்தது. கருத்தம்மாள் தானே வடைத் தட்டை எடுத்துக்கொண்டு அவளிடம் போனாள்.

"எடுத்துக்கடி. காய் எங்கயும் போவல, காஞ்சு கொறஞ்சிருக்கு. முதலாளி இப்பத்தான் சொல்லிட்டுப் போறாரு."

"அப்படியா, மேஸ்திரியம்மா."

யக்கா என்று கூப்பிட்ட வாய். சுகன்யா ஒரு வடையை எடுத்தாள். பிட்கவில்லை. ஒரு கடி, இன்னொரு கடி என்று முழுவதையும் தின்றாள். கடைசித் துணுக்கை வாயில் போட்டு, காகிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டினாள்.

"மடியில வைக்க ஒன்னுமில்ல, பாத்துக்கிடுங்க."

கோபத்தில் தின்றாளா, ஒரு நாள்தானே என்று தின்றாளா? நாளைக்குப் பழையபடி பாதியாக்குவாளா, இதோடு விட்டுவிடுவாளா? அந்த முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. ஏழு முடிச்சும் தன்னால் அவிழ்ந்துவிடக் கூடாதே என்று கருத்தம்மாள் வேண்டிக்கொண்டாள். வேண்டாமடி, அரையை வைத்துவிடு என்று சொல்ல அவளுக்கு இனி என்ன யோக்கியதை?

தன் இடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். தன் பங்கு வடையை எடுத்துச் சரிபாதியாகப் பிட்டாள். ஒரு பாதியை மெதுவாக மென்று தின்றாள். தீர்ந்த பிறகும் பசித்தது. மறுபாதியைக் காகிதத்தில் மடித்து இடுப்புக்குக் கொண்டுபோனாள். கை பாதியிலேயே நின்றது. முப்பது பெண்களும் காய் பொறுக்குவதை நிறுத்திவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.